ஒன்பதாவது சிலிண்டர்

கண்ணு செந்திலு,

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். மற்றது அப்புறம். உன் தங்கச்சி செல்வியின் மகன் கவின், பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் எஞ்சினியராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற அட்டையை வீட்டுக்கு வந்து சோறு தின்னும்போதும் கழற்றுவதில்லை. ரசத்தில் தோய்கிறது பாருடா என்றால், தோயட்டும் அமுச்சி என்கிறான். அவன் தங்கை நிவேதா ஆடிட்டர் படிப்பின் கடைசிப் பரீட்சையை முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். அந்தப் படிப்பில் ஏழு தடவை எழுதியவர்கள்கூட இருக்கிறார்களாம். உன் சித்தப்பாவின் பேத்தி பள்ளிக்கூடக் கபடியில் கோப்பை வாங்கினாள். முட்டியில் மூன்று தையல் போட்டிருந்தது, நொண்டிக்கொண்டே மேடை ஏறி வாங்கினாளாம். எல்லாவற்றுக்கும் மேலே உன் மகள் தாரணி. விமானம் ஓட்டுகிற பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்ன அன்றைக்கே கணபதியில் நம் வீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். பால்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அவர், "நேத்தே சொன்னீங்கம்மா" என்றார். இன்றைக்கும் சொல்லுவேன் என்றேன்.

பெருமையாக இருக்கிறது என்று எழுதுகிறேன். அது பொய் இல்லை. ஆனால் பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கன்னத்தைத் தொட்டது போல இருக்குமே, அப்படி இருக்கிறது. உன் அப்பா போன நாளிலிருந்து இப்படித்தான். பெருமை வந்தாலும் தெரிகிறது, துக்கம் வந்தாலும் தெரிகிறது, இரண்டும் எனக்கு நடப்பதாகத் தெரியவில்லை. செல்வி என்னை டாக்டரிடம் கூட்டிப் போனாள். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறாமல் விழுங்குகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ போனில் ஒன்று கேட்டாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, ஒரெட்டு மதுக்கரைக்குப் போயி நம்ம ஆத்தாகிட்டப் பூக் கேட்டுச் சொல்லுங்க. வெள்ள வந்தா அனுப்பிப்போடறேன். செகப்பு வந்தா வேண்டாமுங்க. நாஞ் சொன்னா தாரணி கேட்டுக்குவா. அன்னைக்கு நா கேட்டுக்கலீங்களா?" என்றாய். ஆகட்டும் கண்ணு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நேற்று முன்தினம் மறுபடி கூப்பிட்டு, போனீர்களா என்று கேட்டாய். முட்டிவலி என்றேன். முட்டிவலி இல்லை. நான் போகவில்லை, போகப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நீ "செரீங்கம்மா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாய். எழுதினால் கடைசி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆகிறது. நான்கு நாளாக எழுதுகிறேன்.

தாரணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்தக் கடிதத்தை அவளுக்கு நீதான் வாசித்துக் காட்டவேண்டும். கவரை ஒட்டாமல்தான் கவினிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். அவன் படித்தாலும் செல்வி படித்தாலும் சரி, இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குப் பூக் கேட்பது என்றால் தெரியாது, அதனால் அவளுக்காக எழுதுகிறேன். பெண் எடுப்பதோ, கிணறு வெட்டுவதோ, வீட்டை விட்டு ஒருவர் தூரமாகப் போவதோ, எதற்குமே நம் குலதெய்வக் கோயிலில் உத்தரவு கேட்டுவிட்டுத்தான் செய்வோம். ஒரு வெள்ளை அரளியையும் ஒரு செவ்வரளியையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து ஆத்தாவின் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, கேட்டவர் மடியில் போடுவார். பிரித்துப் பார்த்து வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. அதற்கு மேலே பேச்சில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் கூடாது.

உனக்கு இருபத்தொன்று நடந்தபோது ஒரு கடிதம் வந்தது. உன்னை விமானப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே உனக்கு அந்தப் பைத்தியம் உண்டு. நீ படித்த காலேஜின் பின்பக்கம், ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்தாற்போல ஒரு பழைய விமானம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அந்தக் காலத்தில் பயிற்சிக்கு ஓட்டினது என்பாய். இறக்கையில் துணி கிழிந்து தொங்கியது, அடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. ஒரு நாள் என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினாய். மூக்கில் இருந்த எஞ்சினில் கையை விட்டு, வட்டமாக ஒன்பது சிலிண்டர் இருக்கவேண்டும், ஒன்றை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று சொன்னாய். சிலிண்டரைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி வரி வரியாக இருந்ததை என் விரலால் தடவிப் பார்க்க வைத்தாய். "இதுக்குத் தண்ணி ஊத்த வேண்டியதில்லீங்கம்மா. பறக்கப் பறக்கக் காத்துதான் இதக் குளுத்தும்," என்றாய். நான் நாய்க்குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு அன்றைக்கே பயமாக இருந்தது. அது நான் பெற்ற முகம் மாதிரி இல்லை.

அந்தத் தேர்வுக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. நீ சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து எனக்கும் அப்பாவுக்கும் வரி வரியாகத் தமிழில் சொன்னாய். நடுவில் ஓரிடத்தில் நின்று, தாளை ஒரு தடவை பார்த்து, அடுத்ததற்குப் போனாய். எதையோ விட்டுவிட்டாய் என்று எனக்குப் பட்டது. என்ன விட்டாய் என்று நான் கேட்கவில்லை. உயிருக்கு ஏதாவது ஆனால் என்று ஏதோ எழுதியிருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமும் பயத்தில்தான் அப்படிச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பயம் பாதிதான் கண்ணு. மீதி என்னவென்றால், எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரியாத ஓரிடத்துக்கு நீ போகப் போகிறாய் என்பது. நான் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊர் போகவேண்டும் என்றபோது என் அப்பனும் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்தார். சிவப்பு என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நான் அழுதேன், ஆனால் அவரைத் தப்பாக நினைத்ததில்லை. ஆத்தா சொன்னதற்கு அப்பன் என்ன செய்வார்? அது ஆத்தா போட்ட பூதானா என்று கேட்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை. என் கையால் நான் செய்த பிறகுதான் வந்தது. அதற்குள் கேட்க அவர் இல்லை.

இனிமேல் எழுதப்போவதைத் தாரணிக்கு விடாமல் வாசித்துக் காட்டு.

உனக்காகப் பூக் கேட்கப் போன அன்றைக்கு உன் அப்பாவுக்குப் பட்டறையில் வேலை நெருக்கடி. உன்னை நான்தான் வரவேண்டாம் என்றேன், யாருக்காகக் கேட்கிறோமோ அவர் கூட வரக்கூடாது என்று. அப்படி ஒரு வழக்கமே கிடையாது. தனியாகப் போனேன். பூசாரி எடுத்து மடியில் போட்டார், பிரித்தேன். வெள்ளை. பூசாரி சிரித்துக்கொண்டே, "ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க அம்மிணி, பையன் மவராசனாப் போயிட்டு வரட்டும்," என்றார். துண்ணூறு வாங்கி இட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கோயில் கம்பி வேலியை ஒட்டி அரளிச் செடிகள் இருந்தன. ரோட்டுத் தூசி படிந்து இலையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. செவ்வரளியில் ஒன்றைக் கிள்ளினேன். தூசியை ஊதினேன். ஆத்தாவின் வாழையிலைத் துண்டிலேயே அதை வைத்து மடித்தேன். வெண்டைக்காய் பறிக்கிற மாதிரிதான் இருந்தது. வெள்ளையை என்ன செய்வது என்று தெரியவில்லை. சாமி கொடுத்த பூவைக் கீழே போடக்கூடாது. ரவிக்கைக்குள் வைத்தால் கசங்கும். தலையில் செருகிக்கொண்டேன். உக்கடம் வந்து பஸ் மாறி, கணபதியில் இறங்கி, வீதியில் நடந்து வீட்டுக்கு வந்து, ராத்திரி படுக்கப் போகும் வரைக்கும் அது என் தலையில்தான் இருந்தது.

நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய். நான் மடிப்பை உன் கையில் கொடுத்தேன். நீ பிரித்தாய், பார்த்தாய். கத்துவாய், என்னோடு சண்டைக்கு வருவாய், பூவாவது புண்ணாக்காவது என்று பெட்டியைக் கட்டுவாய் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அதற்கெல்லாம் பதில் யோசித்தும் வைத்திருந்தேன். நீ பூவைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "செரீங்கம்மா," என்றாய். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைத்தான் அன்றிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா பட்டறையிலிருந்து வந்து கைகால் கழுவினார், படத்துக்கு முன்னால் இருந்த செவ்வரளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சோறு போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நான் எப்படிப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் அப்பாவோடு பட்டறையில் லேத்தில் நின்றாய். பிறகு பூனாவுக்கு வேலைக்குப் போய்விட்டாய். பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதான் பூவை மாற்றினேன், நீ பக்கத்திலும் இருக்கவில்லை. போனதற்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ ஆத்தா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாய். ஓட்டக்கூடாது என்றால் ஏறவும் கூடாது என்று நீயாக வைத்துக்கொண்டாய். உன் கம்பெனியில் எல்லோரும் விமானத்தில் போகிற இடத்துக்கு நீ ஒரு நாள் முன்னாலேயே ரயிலில் கிளம்புவாயாம், உன் சம்சாரம் சொல்லுவாள். வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம் என்றபோது உனக்குக் கீழே இருந்தவனை அனுப்பச் சொன்னாயாம். அதைக் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாள் கழித்துச் சொன்னால் என்ன ஆகும் என்று இருந்துவிட்டேன். ஒரு பொய்யைச் சொன்ன அன்றைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம், மறுநாளும் எடுத்துக்கொள்ளலாம். வருஷம் ஆகிவிட்டால் அது வீட்டில் ஒரு சாமான் மாதிரி ஆகிவிடுகிறது, அதைச் சுற்றித்தான் எல்லோரும் நடக்கிறோம்.

உன் அப்பா போனது ஒரு வியாழக்கிழமை. காலையில் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்தார். நான் உனக்குப் போன் செய்தேன். நீ அழுதாய். அழுதுகொண்டே, "அம்மா, ஏரோப்ளேன்ல வந்தா பொழுதோட அங்க வந்துருவனுங்க," என்றாய். சொல்லிவிட்டு நான் பதில் சொல்வதற்காக நின்றாய். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும். ஏறு கண்ணு, ஏறி வா, ஆத்தா வேண்டாம் என்று சொல்லவே இல்லை என்று. உன் அப்பா பக்கத்தில் கிடக்கிறார், சுற்றிலும் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் நிற்கிறார்கள். நான், "வேண்டாஞ் சாமி. பத்தரமா ரயில்லயே வா," என்றேன். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். சனிக்கிழமைக்கு வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். உன் சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். நீ சனிக்கிழமை விடியும்போது பையோடு வந்து நின்றாய், சாம்பலைத்தான் பார்த்தாய். அப்போதும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சாப்பிட்டாங்களா என்று செல்வியைக் கேட்டாய். நான் அன்றைக்கு அழவில்லை. பதினாறாம் நாளும் அழவில்லை. அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். அடக்க ஒன்றும் இல்லை.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ பூக் கேட்கச் சொன்னதற்கு இரண்டாம் நாள். கவின் வண்டியோடு வந்து, "அமுச்சி, உங்க பேத்தி ஓட்டப்போறது எப்பிடி இருக்குமுன்னு பாக்க வேண்டாமா? கெளம்புங்க, ஏரோப்ளேன் மியூசியத்துக்குப் போலாம்," என்றான். உன் அப்பா வேலை செய்த விமானம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள் என்றும், அவர் போன பிறகு திறப்பு விழாவுக்கு வந்த அழைப்பை நான் படிக்காமல் அலமாரியில் போட்டுவிட்டேன் என்றும் சொன்னான். உன் அப்பா விமானத்தில் வேலை செய்தாரா என்று கேட்டேன். கடைசி இரண்டு வருஷம் வாரத்தில் ஒரு நாள், பட்டறைக்கு லீவு விடுகிற அன்றைக்கு, காலையில் போய்ப் பொழுது சாய வருவார். சீட்டாடப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டும் இருக்கிறேன், இந்த வயசில் சீட்டு தேவையா என்று. ஆமாம் ஆமாம், இன்றைக்கும் தோற்றுவிட்டேன் என்று சொன்னார்.

உள்ளே போனதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மஞ்சள் பெயிண்ட் அடித்து, இறக்கைக்குப் புதுத் துணி இழுத்து, சக்கரத்தைத் துடைத்து, சுற்றிலும் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. முன்னால் போய் நின்று மூக்கைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது காலேஜின் பின்பக்கம் கிடந்த விமானம். நாய் குட்டி போட்ட விமானம். எஞ்சினை மூடி போடாமல் காட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு குமிழ், சுற்றிலும் ஒன்பது சிலிண்டர், ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கு அது பூவாகத்தான் தெரிந்தது. வேறு என்னவாகத் தெரியும்? கவின், "அமுச்சி, ஏறிக்குங்க, மருதமலைக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தர்லாம்," என்றான். நீ ஓட்டினால் மருதமலைக்குப் போகமாட்டோம், நேராக மேலே போய்விடுவோம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போட்டோ எடுக்க அந்தப் பக்கம் போனான்.

அங்கே காக்கிச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார், பெயர் ஆறுமுகம். பழைய மெக்கானிக்காம். இந்த விமானத்தைச் சரி செய்த நான்கைந்து பேரில் அவர் ஒருவர். கவின் உள்ளே வரும்போதே அவன் அப்புச்சி பெயரை, உன் அப்பா பெயரை, அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவர் என் பக்கத்தில் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான்தான் உன் அப்பாவின் வீட்டுக்காரி என்று நினைக்கவில்லை போலிருக்கிறது, பேரன் கூட வந்த ஏதோ ஒரு சொந்தம் என்று நினைத்திருப்பார். தானாகவே பேச ஆரம்பித்தார். ஒன்பதில் ஒரு சிலிண்டர் இல்லாமல் இருந்ததாம், எங்கே தேடியும் கிடைக்கவில்லையாம். உன் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் வார்க்கச் சொல்லி, நம் லேத்திலேயே வைத்துக் கடைந்தாராம். ஒவ்வொரு வரியாக, சீப்புப் பல் மாதிரி, எட்டு மாதம். இரண்டு தடவை கடைசி வரியில் உடைந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தாராம். "உள்ள ஒண்ணுமில்லீங்க, வெறுங்கூடுதான். இது ஓடற வண்டியில்லீங்களே, பார்வைக்கு வெச்சது. ஆனா பாருங்க, எது அசலு, எது அவரு செஞ்சதுன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்," என்றார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்று கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம். அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே, மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். "நானும் ஒருக்காக் கேட்டேனுங்க. ‘எம்பையன் இதப் பாத்துப் பாத்துத்தான் பறக்கோணுமின்னு ஆசப்பட்டான் ஆறுமுகம். ஆத்தாளும் உத்தரவு குடுத்தா. செகப்ப அவங்கைல குடுத்துப்போட்டு, வெள்ள அரளியத் தலைல வெச்சுக்கிட்டு நின்னா எங்கூட்டுக்காரி. அரளிய எவளாச்சும் தலைல வெப்பாளா? பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு,’ அப்பிடீன்னாருங்க. பொறவு ஏனுங்க சும்மா இருந்தீங்கன்னேன். ‘பட்டறைக்கு ஆள் வேணுமின்னு எனக்கும் உள்ளுக்குள்ள இருந்துச்சுய்யா,’ன்னாருங்க. அதோட வேற பேச்சுக்குப் போயிட்டாருங்க."

அப்படீங்களா என்றேன். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தோன்றியது, ஏனென்று தெரியவில்லை. அந்தச் சிலிண்டரைத் தொடலாமா என்று கேட்டேன். கயிற்றைத் தூக்கிப் பிடித்தார், உள்ளே போனேன். கீழ்ப்பக்கத்தில் இடது கைப்பக்கம் இருந்தது. வரிகளின் மேல் விரலை ஓட்டினேன், நீ அன்றைக்கு ஓட்ட வைத்த மாதிரியே. சில்லென்று இருந்தது. உன் அப்பாவின் கை பட்ட இடம், எட்டு மாதம் பட்ட இடம், ஏதாவது வரும் என்று நின்றேன். ஒன்றும் வரவில்லை. கவின் போகலாமா என்றான், வந்துவிட்டேன். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். உன் அப்பா பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார், நான் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே தட்டில் பலகாரம் எடுத்துத் தின்றுகொண்டு, இருபத்தேழு வருஷம். அவர் தன் பங்குக்கு ஒரு சிலிண்டர் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு லேத்து ஓட்டத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இந்தத் தமிழ் எழுத்து மட்டும்தான், அதனால் எழுதுகிறேன். உனக்குச் சிவப்பு வரவில்லை செந்திலு. வெள்ளைதான் வந்தது. அன்றைக்கு நீ போகலாம் என்றுதான் ஆத்தா சொன்னாள். உன்னைப் போகவேண்டாம் என்றவள் நான், நான் மட்டும்தான்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். தாரணியை அனுப்ப உனக்குப் பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல். தூரமாகப் போகிறாளே என்று இருந்தால் அதைச் சொல். நீ போகாத இடத்துக்கு அவள் போகிறாள் என்று உள்ளே எங்காவது இருந்தால், அதையும் சொல், அது இருக்கும், இருந்தால் தப்பில்லை. ஆனால் உன் பயத்தைச் சாமி கையில் கொடுத்து அனுப்பாதே. அப்பன் சொன்னால் பிள்ளை சண்டை போடலாம், அழலாம், கோபித்துக்கொண்டு கிளம்பிப் போகலாம், பிறகு திரும்பியும் வரலாம். சாமி சொன்னதாகச் சொன்னால் பிள்ளைக்குச் "சரி" என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை. என்னோடு ஒரு சண்டை போடுகிற உரிமையைக்கூட நான் உனக்கு வைக்கவில்லை. அதைத்தான் இத்தனை வருஷமும் நல்ல பிள்ளை, எதிர்த்துப் பேசமாட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தாரணிக்கு வந்த கடிதம் இங்கிலீஷில்தான் இருக்கும். அவளே படித்துக்கொள்வாள், அவளுக்கு யாரும் தமிழில் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் நீ வாசித்துக் காட்டு. வாசிக்கும்போது நடுவில் எதையும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகாதே. அப்பத்தாளைப் பற்றி என்ன நினைப்பாளோ என்று பார்க்காதே. நினைத்துவிட்டுப் போகட்டும். உனக்கும் என் மேல் கோபம் வந்தால் வரட்டும். வந்து கத்தினாலும் சரி, ஒரு வருஷம் பேசாமல் இருந்தாலும் சரி. "செரீங்கம்மா" என்று மட்டும் சொல்லாதே.

இதற்குப் பதில் எழுதவேண்டாம். எனக்கு ஒன்று மட்டும் செய். அந்த வயசில் எடுத்த உன்னுடைய போட்டோ என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ பயிற்சிக்கு மனுப் போட எடுத்ததில் மீந்துபோன பாஸ்போர்ட் சைஸ். அதைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன், யாருக்கும் காட்டியதில்லை. தாரணி பயிற்சிக்குக் கிளம்புகிற அன்றைக்கு பயிற்சி உடையில் நிற்கவைத்து, நீயும் பக்கத்தில் நின்று, புதிதாக ஒரு போட்டோ எடு. போனில் அனுப்பாதே, அதை என்னால் பிடித்துப் பார்க்க முடியாது. காகிதத்தில் பெரிதாகப் போட்டு, மடங்காமல் நடுவில் அட்டை வைத்து, தபாலில் அனுப்பு. மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.